மானியம் வரும் வழியில் ஒரு காக்கா

கடையில் என்னை வழியனுப்பிய அன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் கைக்கு வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் நல்லா இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதையும் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துச் சொன்னேனாம், ஒருவர் காதிலும் விழவில்லையாம்.

கம்ப்யூட்டரில் மனுப் போடுகிற கவிதா அதோடு விடவில்லை. இனிமேல் வீட்டு மாடியைப் போனிலேயே மேலிருந்து பார்த்து அளந்துவிடுவோம், ஆள் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை, நீங்கள் ஏறி இறங்கிய கதையெல்லாம் உங்களோடு போய்விடும் பெரியம்மா, பேச வராவிட்டால் எழுதியாவது கொடுங்கள் என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத வரும், மெதுவாக வரும். இதில் பெரிய தொந்தரவு என்னவென்றால், பேனாவை எடுத்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

என் வேலைக்கு ஒரு பெயர் கிடையாது. எங்கள் கடை தேனியில் இருக்கிறது. வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டிக் கொடுப்பது, பேட்டரி ஸ்கூட்டர் விற்பது, இரண்டுக்கும் அரசாங்க மானியம் கிடைக்க மனுப் போட்டுத் தருவது, இவைதான் தொழில். இதில் நான் மாடிக்கு முதலில் போகிறவள். பகல் நேரத்தில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். வாலிபப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கி மாடியைப் பார்க்கணும் என்றால் யார் கதவைத் திறப்பார்கள்? அதனால் முன்னால் நான் போய்க் கேட்டைத் தட்டுவேன். எனக்குப் பேச்சு வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்களே இரக்கப்பட்டு உள்ளே வாத்தா என்பார்கள். முதலாளி இதை ஒரு திறமை என்று நினைத்து எனக்குச் சம்பளம் கூட்டினார்.

வாலிப வயதில் சித்தாள் வேலை பார்த்தேன். கலவைச் சட்டியோடு சாரம் ஏறிய உடம்பு, அதனால் உயரம் பயமில்லை. பிறகு எலக்ட்ரிக் கடையில் கூட்டிப் பெருக்க வந்தேன். கடை வெந்நீர்ச் சோலாருக்கு மாறியது, அப்புறம் பேனலுக்கு மாறியது, அப்புறம் ஸ்கூட்டரும் வந்தது. நானும் கூடவே மாறினேன். நான் தொழில் படித்த கதை அவ்வளவுதான்.

முதலாளி குருசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் ஒயர்மேன் பையன்களை ஏலே என்று கூப்பிடுவார். எர்த் குழியில் கரியும் உப்பும் போடாமல் மூடிவிட்டார்கள் என்று தெரிந்தால், வாங்க சார், உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா என்பார். பையன்களுக்கு முகம் வெளுத்துவிடும். ஒரு தடவை ஒருவனிடம் ‘ஐயா’ வரைக்கும் போய்விட்டார். அந்தப் பையன் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

மானியத்துக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மானியம் வரும் என்று சொல்லலாம், எப்போது வரும் என்று சொல்லக் கூடாது. ‘சும்மா கிடைக்கும்’ என்ற பேச்சே கடைக்குள் வரக் கூடாது. ஏனென்றால் பேனலுக்கு உண்டான பணத்தை முதலில் வீட்டுக்காரர்தான் போட வேண்டும். பேனல் ஏறி, மின்வாரிய ஆபீசர் வந்து சரிபார்த்து, வீட்டுக்கு வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் சேர்த்துக் கணக்கு வைக்கிற புது மீட்டர் பொருத்தி, வீட்டுக்காரர் பேனல் பக்கத்தில் நிற்கிற போட்டோவும் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகுதான் மானியம் அவருடைய பேங்குக் கணக்குக்கு வரும். கரண்டு இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் முகம்தான் போட்டோவில் இருக்க வேண்டும். மகன், மருமகன் யார் நின்றாலும் செல்லாது. இந்த விதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் நடந்த அமளிக்கெல்லாம் இதுதான் காரணம்.

வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்விகளை வாங்கிக்கொண்டு வருவதும் என் வேலைதான். மாசாமாசம் வருகிற உரிமைத் தொகை நின்றுவிடுமா, ரேஷன் கார்டில் கை வைப்பார்களா, மழை பெய்தால் மாடி ஷாக் அடிக்குமா என்று கேட்பார்கள். வெயிலையெல்லாம் பேனல் உறிஞ்சிக்கொண்டால் வத்தல் எதில் காயும் என்று சின்னமனூரில் ஒரு அம்மா கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வா அக்கா, அப்போதுதான் மறுநாளும் கதவைத் திறப்பார்கள் என்பார் முதலாளி. ஆபீசில் விசாரித்துச் சொல்வார். நான் மறுநாள் போய் அதை அப்படியே ஒப்பிப்பேன். அந்த வத்தல் கேள்விக்கு மட்டும் அவர் ஆபீசில் விசாரிக்க மறுத்துவிட்டார்.

மாடி பார்க்கிற முறை இதுதான். தண்ணித் தொட்டி, தென்னை, டிஷ், பக்கத்து வீட்டுப் புறாக்கூண்டு இவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுப்பேன். கோட்டுக்குள் பேனல் வரக் கூடாது. ஒரு வீட்டில் காலைக் கோட்டைப் போட்டுவிட்டு உச்சிக்குத் திரும்பி வந்தேன். வீட்டம்மா அதற்குப் புள்ளி வைத்து, இழை பின்னி, அழகான கோலமாக முடித்து வைத்திருந்தார். பாதியில் விட்டுட்டுப் போயிட்டியேத்தா, பாக்க நல்லாவா இருக்கு என்றார். அழிக்கவும் மனசில்லை, அளக்கவும் வழியில்லை. மறுநாள் திரும்பப் போனேன்.

வடுகபட்டியில் ஒரு பூண்டு வியாபாரி வீடு. பேனல் மாட்டும் இரும்புக் காலை ஆள் உயரத்துக்கு வைத்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டால் சிரித்தார். மாட்டி முடித்து ஆபீசர் பார்க்க வந்த அன்றுதான் விளங்கியது. பேனலுக்கு அடியில் கம்பி கட்டி மாடி முழுக்கப் பூண்டுக் கொத்து தொங்கியது. பூண்டு வெயிலில் காயக் கூடாதாம், நிழலில் காற்றாட வேண்டுமாம். அரசாங்கம் கரண்டுக்கு மானியம் குடுக்குது, கூடவே எனக்கு ஒரு பந்தலும் போட்டுக் குடுத்திருச்சு என்றார். ஆபீசர் குனிந்தபடியே பூண்டுக்குள் நடந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தார். நாங்கள் திரும்பி வந்த வேனில் ஒரு வாரத்துக்கு ரசம் வாசம்.

இனி பேச்சியக்கா வீட்டுக்கு வருகிறேன்.

அனுமந்தன்பட்டியில் வீடு. பேச்சியக்கா வீட்டுக்காரர் காலமாகி நாலைந்து வருசம் இருக்கும். வீடும் கரண்டு இணைப்பும் அக்கா பேரில். மகன் திருப்பூரில் வேலை. மருமகள் மாரீஸ்வரி மாமியாரோடு இருந்தாள். அவள் லேப் படிப்புப் படித்தவள். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும், அதனால் விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆட்டோவில் போனால் சம்பளம் ஆட்டோவுக்கே சரி. வேலையே வேண்டாம், வீட்டில் இரு என்று புருசன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலும் அடுத்த மாசத்திலிருந்து நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாரீஸ்வரி ஒரு கணக்குப் போட்டாள். மகன் மாடிக்குப் பேனல் போட ஏற்கெனவே பணம் கட்டியிருந்தான். மானியம் அத்தை கணக்குக்கு வரும். அதை அப்படியே எடுத்துப் பேட்டரி ஸ்கூட்டருக்கு முதல் பணமாகக் கட்டிவிடலாம். வண்டிக்கு உள்ள மானியம் விலையிலேயே கழிந்துவிடும், ரோடு வரியும் இல்லை, பெட்ரோலும் இல்லை, சார்ஜ் மாடியிலிருந்து வரும். பேச்சியக்காவும் அதற்குச் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, மாரீஸ்வரியின் வேலை அந்தப் பேனலில் தொங்கியது.

பேனல் ஏற்றிக் கொஞ்ச நாளில் அமாவாசை வந்தது. அன்று மத்தியானம் மாரீஸ்வரி கடைக்குப் போன் போட்டாள். அத்தை பேனலைக் கழற்றச் சொல்றாக, உடனே ஆள் அனுப்புங்க என்று அழுதாள்.

முதலாளியும் நானும் போனோம். பேச்சியக்கா முற்றத்தில் கட்டிலைப் போட்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். விசயம் இதுதான். ஒவ்வொரு அமாவாசைக்கும் மாடித் தெற்குச் சுவரில் வீட்டுக்காரருக்கு என்று காக்காய்க்குச் சோறு வைப்பார். வைத்த கை ஈரம் காய்வதற்குள் காக்கா வந்துவிடும். இந்தத் தடவை பேனல் பளபளவென்று கண்ணைப் பறிக்க, ஒரு காக்காகூட அண்டவில்லை. கிழக்குச் சுவரில் வைத்துப் பார்த்தார், கிணற்று மேட்டில் வைத்துப் பார்த்தார், வரவில்லை. அதுகூடப் பொறுத்திருப்பார். காக்கா பக்கத்து வீட்டுத் தங்கம் மாடிக்குப் போய், தங்கம் வைத்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தங்கத்துக்கும் அக்காவுக்கும் தெருக்குழாய்ச் சண்டையில் பேச்சு வார்த்தை கிடையாது.

"உசுரோட இருக்கையிலயும் இதே வேலைதான்" என்றார் பேச்சியக்கா. "அவ வீட்டுக் கொழம்புன்னா நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவாக. செத்தும் திருந்தல."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தூசி, தூசி என்று கண்ணைக் கசக்கினேன். முதலாளி முன்னால் சிரித்துவிட்டால் எனக்கு எத்தனை ‘ஐயா’ விழுமோ.

மாரீஸ்வரி கெஞ்சினாள். "மாமா இருந்தா எம்புட்டுச் சந்தோசப்படுவாக அத்தை. ஒரு பல்பு வீணா எரிஞ்சா வீட்டயே ரெண்டாக்குவாக. இப்ப கரண்டு பில்லே கொறயப் போகுது."

"அப்ப ஏன் சாப்பிட வரல?"

முதலாளி வாடிக்கையாளர் வீட்டில் சாமி விசயத்தில் வாதாட மாட்டார். தெற்குப் பக்கம் பேனலை மட்டும் நகர்த்தலாமா என்று போனில் பையன்களைக் கேட்டார். நகர்த்தினால் தொட்டி நிழல் விழும், ஆபீசில் கொடுத்த வரைபடமும் மாறிவிடும், திரும்ப முதலிலிருந்து மனு என்றார்கள். பேச்சியக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். "அவுகளுக்குப் பிடிக்காத சாமான் பக்கத்துல நான் எப்பிடி நிண்டு போட்டோ எடுக்க? மாட்டேன்." அக்கா முகம் இல்லாமல் போட்டோ இல்லை. போட்டோ இல்லாமல் மானியம் இல்லை. மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசம் முடிய அதிக நாள் இல்லை.

அப்புறம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. காக்காயை வரவழைக்க எங்கள் கடையில் யார் யாருக்கு என்ன வழி தெரியுமோ எல்லாவற்றையும் செய்தோம். ஒயர்மேன் ஒருவன் காக்கா மாதிரி கரைவான், அவனை மாடியில் ஏற்றிக் கரையச் சொன்னார்கள். தெரு நாய்கள்தான் வந்தன. கவிதா போனில் காக்காய்ச் சத்தம் போட்டுப் பார்த்தாள். அதைக் கேட்டு இருந்த காக்காயும் பறந்துவிட்டது. முதலாளி தன் வீட்டிலிருந்து மிக்சர் கொண்டுவந்து தெற்குச் சுவரில் தூவினார், அணில் தின்றது. தங்கம் தன் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். அவர் சுவரில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

ஆபீசர் வருகிற நாள் வந்துவிட்டது. ஆபீசர் ஒரு சின்ன வயசு அம்மா. காலையில் சாப்பிடாமல் கிளம்பி வந்திருந்தார். பேச்சியக்கா கீழே கட்டிலை விட்டு அசையவில்லை. முதலாளி அவரைப் பேச்சியம்மா, பேச்சியம்மா என்று தாஜா செய்து ஓய்ந்துபோனார். அவரும் நானும் போட்டோ எடுக்க வந்த கவிதாவும் மாடிக்கு ஏறினோம். அங்கே ஆபீசரம்மா பேனல் ஒயர்கள் வந்து சேருகிற பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வந்தவர் பசியோடு இருக்கிறாரே என்று மாரீஸ்வரி சூடாக உளுந்த வடை சுட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் எவ்வளவு கவலை இருந்தாலும் வந்தவருக்குப் பலகாரம் கொடுக்காமல் இருப்பாளா? ஆபீசரம்மா ஒரு வடையைக் கையில் எடுத்தார். பேனல் நம்பரைப் பார்த்து, சுவர் மேல் வைத்த அட்டையில் இன்னொரு கையால் சரி என்று குறித்துக்கொண்டிருந்தார்.

காக்கா எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒரு கறுப்பு வீச்சு. ஆபீசரம்மா கையில் வடை இல்லை. அவர் கை மட்டும் வடை பிடித்த மாதிரியே நின்றது. காக்கா பறந்து போகாமல் பேனலின் மேல் விளிம்பில் போய் உட்கார்ந்து, ஒரு காலால் வடையை மிதித்துக்கொண்டு, நிதானமாகப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தது.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சிவக்கிறது. வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசாதவள், மாடிப் படி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

"அக்கா, வந்துட்டாக. அவுக வந்துட்டாக."

கீழே கட்டில் கிரீச்சிட்டது. முட்டி வலியில் பத்து அடி நடந்தால் உட்காருகிற பேச்சியக்கா அந்தப் படியை எப்படி ஏறினார் என்று கேட்காதீர்கள். மாடிக்கு வந்தவர் மூச்சு வாங்கக் காக்காயைப் பார்த்தார். காக்காயும் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. தின்பதை நிறுத்தவில்லை.

"உளுந்த வடையா கேட்டுச்சு ஒங்களுக்கு" என்றார் பேச்சியக்கா. குரல் உடைந்து, உடனே அதட்டலாக மாறியது. "பிரசர் இருக்குன்னுதான உப்பில்லாம, எண்ணெ இல்லாம வச்சேன். வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான."

மாரீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். "அத்தை, இம்புட்டு வருசமா மாமாவுக்கு உப்பில்லாமயா சோறு வச்சீக?"

"டாக்டர் சொன்னாருல்ல."

"அது மாமா உசுரோட இருக்கப்ப அத்தை."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானை உதவவில்லை. நான் சிரிக்க, கவிதா சிரிக்க, ஆபீசரம்மா அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்க, முதலாளி எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோளும் குலுங்கியது. பேச்சியக்கா கொஞ்ச நேரம் எங்களை முறைத்தார். அப்புறம் அவருக்கும் வந்துவிட்டது. காக்கா ஒன்றுதான் அந்த மாடியில் சிரிக்கவில்லை.

புதுப் பளபளப்புக்குக் காக்காய் கொஞ்ச நாள் பயப்படும், அப்புறம் பழகிவிடும் என்று முதலாளி வேனில் வரும்போது சொன்னார். அந்த மாடியில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அவர் முதலாளி.

பேச்சியக்கா தலைமுடியைக் கையால் படிய வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேனலின் ஒரு பக்கத்தில் போய் நின்றார். எடுங்கத்தா, அவுக கெளம்புறதுக்குள்ள எடுங்க என்றார். கவிதாவுக்குச் சந்தேகம். போட்டோவில் காக்காயும் விழுகிறது, திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ஆபீசரம்மாவைக் கேட்டாள். பேனல் தெரியுது, வீட்டுக்காரம்மா முகம் தெரியுது, காக்கா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல என்றார் அவர். மாரீஸ்வரி இன்னொரு வடை கொண்டுவர, அதை அவர் சுவரோரமாகத் திரும்பி நின்று தின்றார்.

மானியம் எப்போது வரும் என்று நான் சொல்லக் கூடாது. வந்தது என்று மட்டும் சொல்கிறேன். மாசம் முடிவதற்குள் வந்தது.

ஸ்கூட்டர் வாங்க இருவரும் கடைக்கே வந்தார்கள். வண்டி மானியத்துக்கு வாங்குகிறவர் முகத்தைப் போனில் பிடித்து ஏற்ற வேண்டும். அந்த மாடிப் போட்டோவுக்குப் பிறகு பேச்சியக்காவுக்குப் போட்டோ என்றால் கொள்ளை ஆசை வந்துவிட்டது. மாரீஸ்வரி முகத்தைப் பிடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அக்கா தலையை நீட்டிச் சிரித்தார். மெசின் ஒத்துக்கொள்ளவில்லை. கவிதா திரும்பத் திரும்பப் பிடித்தாள், அக்கா ஒவ்வொரு தடவையும் வேறு பக்கமாக வந்தார். கடைசியில் நான் அக்காவைக் கூட்டிப் போய் டீக்கடையில் உட்கார வைத்த பிறகுதான் மனு ஏறியது.

வண்டியை எங்கள் டெம்போவில் ஏற்றி அனுமந்தன்பட்டிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மாரீஸ்வரி வேலைக்குப் போக வேண்டும், சார்ஜ் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க முதலாளி என்னையும் ஒயர்மேனையும் விடிகாலையிலேயே வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது மாரீஸ்வரி கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் பேச்சியக்கா. வண்டியில போற முதல் நாளாச்சே, நானும் ஆஸ்பத்திரி வரைக்கும் வாரேன் என்று ஏறிவிட்டாராம், இறங்க மாட்டேன் என்கிறார்.

வண்டி கிளம்பியது. பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பது கடைக்காரர்களான எங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. தண்ணிக் குடத்தோடு நடுத்தெருவில் நின்றவர்கள் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடு நகரவில்லை. தங்கம் குழாயடியில் முதுகைக் காட்டி நின்றார். மாரீஸ்வரிக்குக் கூச்சம், ஹாரனில் கை வைக்கவே யோசித்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பேச்சியக்கா பின்சீட்டில் பாதி எழுந்து, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏலே, ஒதுங்குங்கலே. எம் மருமக ரத்தம் எடுக்கப் போறா."

தெரு மொத்தமும் ஒதுங்கியது.